செல்யாபின்ஸ்க்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்தைப் பற்றி எங்கே பேசினாலும் முதலில் வரும் கேள்வி, "அந்த விண்கல் விழுந்த ஊர்தானே?" என்பது. அடுத்து வருவது, "அங்கே கதிர்வீச்சு அதிகமாமே?" இரண்டுக்கும் கீழே பதில் இருக்கிறது. ஆனால் 1736இல் தொடங்கிய ஓர் ஊரை ஒரு காலை நேரத்து வெடிப்பையும் பக்கத்தில் நடந்த ஒரு விபத்தையும் வைத்து மட்டும் தெரிந்துகொள்வது அந்த ஊருக்குச் செய்கிற அநியாயம். ரயில், டிராக்டர், டாங்கி, குழாய் என்று அங்கே உழைத்தவர்களின் கதைதான் இதில் பெரியது. அதனால் என் காதில் திரும்பத் திரும்ப விழுந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே, எளிதானவற்றில் தொடங்கி இங்கே தொகுத்திருக்கிறேன்.

செல்யாபின்ஸ்க் எங்கே இருக்கு? சைபீரியாவா?

சைபீரியாவின் வாசலில் இருக்கிறது என்று சொல்லலாம். யூரல் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில், மியாஸ் ஆற்றின் கரையில் அமைந்த நகரம். மாஸ்கோவிலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 1,500 கி.மீ. கிழக்கே. வடக்கே 200 கி.மீ. போனால் யெகாதெரின்பர்க். தெற்கே கஜகஸ்தான் எல்லை அதைவிடக் கிட்டம்.

ஐரோப்பா, ஆசியா எல்லைக்கோடு இந்த ஊருக்கு மேற்கே, ஸ்லாதவுஸ்த் பக்கம் மலைமேல் போகிறது. ஆக, செல்யாபின்ஸ்க் ஆசியாவில்தான் இருக்கிறது. யூரலின் கருங்கல் பாறை முடிந்து மேற்கு சைபீரியச் சமவெளியின் படிவுகள் தொடங்கும் இடமும் நகரத்துக்குள்ளேயே வருகிறது. மியாஸ் மேல் இருக்கும் லெனின்கிராட் பாலத்தை "யூரலிலிருந்து சைபீரியாவுக்குப் போகும் பாலம்" என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வது இதனால்தான்.

எவ்வளவு பெரிய ஊர்? நம்ம கடிகாரத்துக்கும் அங்கேயுள்ள நேரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்?

2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 12 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ரஷ்யாவின் பத்துப் பெரிய நகரங்களில் ஒன்று. உருக்கு, இரும்புக் குழாய், துத்தநாகம், ஃபெரோ அலாய் என்ற இரும்புக் கலவை உலோகம், டிராக்டர், இன்ஜின் எல்லாம் நகர எல்லைக்குள்ளேயே தயாராகின்றன. நேர வித்தியாசம் வெறும் அரை மணிதான். இந்தியாவிலும் இலங்கையிலும் காலை 9 மணி என்றால் அங்கே 8.30.

பனி கொட்டுற ஊரோட சின்னத்துல ஒட்டகம் எதுக்கு?

நிறையப் பேரை ஆச்சரியப்படுத்தும் விஷயம் இது. நகரத்தின் சின்னத்தில் சுமை ஏற்றிய ஒட்டகம் ஒன்று நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கொடுக்கப்பட்ட சின்னம். மத்திய ஆசியாவிலிருந்து வணிகக் கூட்டங்கள் சரக்கோடு வந்துபோகும் வழியில் இந்த ஊர் இருந்ததன் அடையாளம் அது. தெற்கே இருப்பது புல்வெளி நாடு. குளிர் தாங்கும் இரட்டைத் திமில் ஒட்டகங்கள் அங்கே அந்நியமானவை அல்ல.

ஒரு சின்னக் கோட்டை எப்படி இவ்வளவு பெரிய தொழில்நகரம் ஆச்சு?

1736இல் பாஷ்கிர் மக்களின் நிலத்தில் ரஷ்ய அரசு கட்டிய எல்லைக் கோட்டைகளில் ஒன்றாகத்தான் இது பிறந்தது. கர்னல் அலெக்சி தெவ்கெலெவ் அதற்கு அடித்தளம் போட்டார். அதற்குப் பிறகு 150 வருஷம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மாற்றம் ரயிலோடு வந்தது. 1892இல் தண்டவாளம் இங்கே வந்து சேர்ந்தது. அதே ஆண்டு இங்கிருந்துதான் மேற்கு சைபீரிய ரயில்பாதையைக் கிழக்கு நோக்கிப் போடத் தொடங்கினார்கள். நிலம் தேடி சைபீரியாவுக்குக் கிளம்பிய லட்சக்கணக்கான விவசாயிகள் இங்கே இறங்கி, பதிவுசெய்து, மருத்துவச் சோதனை முடித்து, மறுபடி ரயில் ஏறிப் போனார்கள். அந்தக் குடியேற்ற முகாம் ரஷ்யாவிலேயே பெரியது.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு காரணம் சரக்குக் கட்டணம். சைபீரியக் கோதுமை மலிவாக வந்து இறங்கினால் ஐரோப்பிய ரஷ்யாவின் பண்ணை முதலாளிகளுக்கு அடி. அவர்களைக் காப்பாற்ற, 1890களில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். தூரம் கூடக் கூட ரயில் கட்டணத்தில் சலுகை கிடைக்கும் அல்லவா? மேற்கே போகும் தானியத்துக்கு மட்டும் அந்தத் தூரக் கணக்கு செல்யாபின்ஸ்கோடு முடிந்து, அங்கிருந்து மறுபடி புதிதாகத் தொடங்கும். அதாவது ஒரே பயணத்துக்கு இரண்டு பயணத்தின் கட்டணம். விளைவு, தானியத்தை இங்கேயே இறக்கி மாவாக்கி அனுப்புவது லாபம் என்று ஆனது. மாவு ஆலைகள் முளைத்தன. கிழக்கிலிருந்து வந்த தேயிலையைப் பொட்டலம் கட்டும் தொழிலும் வளர்ந்தது. 1897இல் சுமார் 20,000 பேர் இருந்த ஊர், 20 வருஷத்தில் மூன்று மடங்குக்கு மேல் பெருத்தது. "யூரலுக்கு அப்பால் ஒரு சிகாகோ" என்று பத்திரிகைகள் எழுதின. முதல் உலகப் போருக்குச் சற்று முன் அந்தக் கட்டண விதியை எடுத்துவிட்டார்கள், ஆனால் ஊர் அதற்குள் நிலைத்துவிட்டது.

ரஷ்ய உள்நாட்டுப் போர் இந்த ரயில் நிலையத்துலதான் ஆரம்பிச்சுதுன்னு சொல்றாங்களே?

போர் ஏற்கெனவே அங்கங்கே கனன்றுகொண்டிருந்தது. ஆனால் அது நாடு முழுக்கப் பரவக் காரணமான சம்பவம் இங்கேதான் நடந்தது. ரஷ்யாவோடு சேர்ந்து ஆஸ்திரியா-ஹங்கேரிக்கு எதிராகப் போரிட்ட செக், ஸ்லோவாக் வீரர்கள் சுமார் 40,000 பேர், விளாதிவஸ்தோக் வழியாக வெளியேறுவதற்காக சைபீரிய ரயில்பாதை நெடுகிலும் பரந்து கிடந்தார்கள். 1918 மே 14 அன்று செல்யாபின்ஸ்க் நிலையத்தில், ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஹங்கேரியக் கைதிகளின் ரயிலிலிருந்து யாரோ ஓர் இரும்புத் துண்டை எறிந்தார்கள். ஒரு செக் வீரர் காயப்பட்டார். அவருடைய தோழர்கள் எறிந்தவனைப் பிடித்து அங்கேயே கொன்றுவிட்டார்கள்.

உள்ளூர் சோவியத் அதிகாரம் சில செக் வீரர்களைக் கைதுசெய்தது. மற்றவர்கள் ஆயுதத்தோடு போய் அவர்களை மீட்டார்கள். படையிடமிருந்து ஆயுதங்களைப் பறிக்கச் சொல்லி த்ரோத்ஸ்கி உத்தரவிட, மோதல் முற்றியது. மே மாதக் கடைசியில் செல்யாபின்ஸ்க் அவர்கள் கையில் இருந்தது. சில வாரங்களிலேயே சைபீரிய ரயில்பாதையின் பெரும்பகுதியும் அவர்கள் வசமானது.

அங்கே இருக்கிற டிராக்டர் ஆலை அமெரிக்க டிராக்டரைக் காப்பி அடிச்சதுதானே?

முதல் மாடல், ஆமாம். 1933 ஜூன் 1 அன்று திறந்த செல்யாபின்ஸ்க் டிராக்டர் ஆலை தயாரித்த "ஸ்தாலினெத்ஸ்-60", அமெரிக்காவின் கேட்டர்பில்லர்-60ஐ அச்சாகப் பார்த்துச் செய்தது. ஆலையின் வடிவமைப்பு வேலைக்காக டெட்ராய்ட் நகரத்திலேயே ஓர் அலுவலகம் நடத்தினார்கள். கூட்டுப்பண்ணைகளின் பெரிய வயல்களுக்குக் கனமான சங்கிலிச் சக்கர டிராக்டர் தேவைப்பட்டது, அதை முதலிலிருந்து வடிவமைக்க நேரமில்லை.

ஆனால் காப்பியோடு நின்றுவிடவில்லை. 1937இல் டீசலில் ஓடும் ஸ்தாலினெத்ஸ்-65 வந்தது. அதே வருஷம் பாரிஸ் உலகக் கண்காட்சியில் மிக உயர்ந்த பரிசை வாங்கியது. கனரக டிராக்டரும் டீசல் இன்ஜினும் ஒரே கூரையின் கீழ் செய்யும் திறமை அடுத்த சில வருஷங்களில் எதற்குப் பயன்பட்டது என்பதை அடுத்த பதிலில் பாருங்கள்.

"டாங்கோகிராட்"னா என்ன? அது வேற ஊரா?

இதே ஊர்தான். டாங்கிகளின் நகரம் என்ற பொருளில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். எந்த அரசாணையிலும் வந்த பெயரல்ல. 1941இல் ஜெர்மன் படை முன்னேறியபோது, மேற்கே இருந்த ஆலைகளை அப்படியே கழற்றி ரயிலேற்றிக் கிழக்கே அனுப்பினார்கள். லெனின்கிராடின் கீரவ் ஆலையும், கார்கிவின் டீசல் இன்ஜின் ஆலையும் செல்யாபின்ஸ்க் டிராக்டர் ஆலையோடு வந்து சேர்ந்தன. மூன்றும் சேர்ந்த நிறுவனத்துக்கு கீரவ் ஆலை என்றே பெயர் வைத்தார்கள். ஐசக் சால்த்ஸ்மன் அதன் இயக்குநர்.

போர் முடிவதற்குள் இங்கிருந்து சுமார் 18,000 டாங்கிகளும் தானியங்கு பீரங்கி வண்டிகளும், 48,500 டாங்கி டீசல் இன்ஜின்களும் வெளியே போயின. முதலில் கனரக கே.வி. டாங்கி. 1942 ஆகஸ்டில் டி-34. அப்புறம், ஜெர்மானியரின் டைகர் டாங்கியை எதிர்கொள்ளச் செய்த ஐ.எஸ். வரிசை. ஐ.எஸ். என்பது இயோசிஃப் ஸ்தாலினின் முதலெழுத்துகள். ஊரின் இன்னோர் ஆலையில் கத்யூஷா ராக்கெட் ஏவிகள் தயாராயின.

இந்த எண்ணிக்கைகளைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. ஆண்கள் பெரும்பாலோர் போர்முனையில் இருந்ததால் லேத் இயந்திரத்தின் முன் நின்றவர்களில் ஏராளமானோர் பெண்கள். பதினான்கு, பதினைந்து வயதுச் சிறுவர்களும் நின்றார்கள். உயரம் எட்டாத பிள்ளைகளுக்குக் காலடியில் பெட்டி போட்டுக் கொடுத்தார்கள். புதிய பிரிவுகள் சிலவற்றில் கூரை போடுவதற்கு முன்பே இயந்திரங்கள் ஓடத் தொடங்கின. யூரல் குளிரில் அது என்னவென்று நினைத்துப் பாருங்கள். ஜனவரியின் சராசரி வெப்பநிலையே மைனஸ் 15ஐ ஒட்டி இருக்கும் ஊர்.

ஆவடி டாங்கிக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் உண்டாமே, நிஜமா?

நிஜம்தான். மேலே சொன்ன கார்கிவ் ஆலை தன்னோடு கொண்டுவந்தது வி-2 என்ற டீசல் இன்ஜின். 12 சிலிண்டர், ஏறக்குறைய 39 லிட்டர் கொள்ளளவு, 500 குதிரைத்திறன். டி-34க்கு உயிர் அதுதான். போருக்குப் பிறகும் செல்யாபின்ஸ்க் ஆலை அந்தக் குடும்பத்தை விடாமல் வளர்த்தது. டி-72இல் இருக்கும் 780 குதிரைத்திறன் வி-46 இன்ஜினும், டி-90இல் இருக்கும் 1,000 குதிரைத்திறன் வி-92 இன்ஜினும் அந்த வழியில் வந்தவை.

இந்த இரண்டு டாங்கிகளையும் இந்தியா ஆவடியில் தயாரித்திருக்கிறது. இன்ஜின்கள் பக்கத்திலேயே இருக்கும் ஆவடி இன்ஜின் தொழிற்சாலையில் உரிமத்தின் பேரில் உருவாகின்றன. 2025 மார்ச்சில், டி-72களுக்கு 780க்குப் பதில் 1,000 குதிரைத்திறன் இன்ஜின் பொருத்துவதற்காக, தொழில்நுட்பத்தை ஆவடிக்குக் கொடுக்கும் நிபந்தனையோடு ரஷ்யாவுடன் இந்தியா ஒப்பந்தம் செய்தது. 1930களில் கார்கிவில் வரைந்த ஓர் இன்ஜினின் வாரிசு இன்றைக்கும் சென்னைக்குப் பக்கத்தில் தயாராகிறது. என்னைக் கேட்டால், இந்த ஊரைப் பற்றித் தமிழ் வாசகர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

போர்க்காலத்துல இவ்வளவு ஆலைகளையும் கட்டினது யாரு? எல்லாரும் விரும்பி வந்தவங்களா?

இல்லை. செல்யாபின்ஸ்க் உருக்காலையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அது மெச்செல் குழுமத்தின் கையில் இருக்கிறது. 1943 ஏப்ரலில் அங்கே முதல் உருக்கு ஊற்றினார்கள். அதைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் சோவியத் ஜெர்மானியர்கள். வோல்கா கரையிலும் மற்ற இடங்களிலும் தலைமுறைகளாக வாழ்ந்த சோவியத் குடிமக்கள் அவர்கள். ஜெர்மன் வம்சம் என்ற ஒரே காரணத்துக்காக வீட்டைவிட்டுத் துரத்தி, "உழைப்புப் படை" என்ற பெயரில் முள்வேலிக்குள் வைத்து வேலை வாங்கினார்கள். பசியாலும் குளிராலும் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள்.

இதற்கு முந்தைய ஒரு கொடுமையும் இருக்கிறது. ஊரின் ஓரத்தில் சலதாயா கரா, அதாவது தங்கமலை, என்ற இடம். பழைய தங்கச் சுரங்கக் குழிகள் உள்ள பகுதி. 1930களில் ஸ்தாலின் கால ஒடுக்குமுறையில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களை அந்தக் குழிகளில் போட்டார்கள். 1989இல் எலும்புகளைத் தோண்டி எடுத்து முறைப்படி அடக்கம் செய்தபோது, அணு இயற்பியலாளரும் மனித உரிமைப் போராளியுமான ஆந்திரேய் சாகரவ் வந்திருந்தார். டாங்கோகிராடின் பெருமையைப் பேசும்போது இந்த இரண்டையும் விட்டுவிட்டால் அது பாதிக் கதைதான்.

"உனக்குக் குழாய், அடினாவர்"ன்னு குழாய் மேல எழுதினாங்களாமே, என்ன கதை?

1962இல் சோவியத் யூனியன் துருஷ்பா எண்ணெய்க் குழாய்ப் பாதையைப் போட்டுக்கொண்டிருந்தது. பெரிய விட்டமுள்ள குழாய்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வரவேண்டும். நேட்டோவின் முடிவுப்படி அந்த நாட்டின் சான்சலர் அடினாவரின் அரசு அந்த விற்பனைக்குத் தடை போட்டது. செல்யாபின்ஸ்க் குழாய் ஆலை சில மாதங்களிலேயே புதிய பிரிவை அமைத்து, 1963 மார்ச்சில் 1,020 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயை உருட்டி எடுத்தது. தொழிலாளர்கள் முதல் குழாய் மேல் சுண்ணக்கட்டியால் அந்த வாசகத்தை எழுதினார்கள். ரஷ்யப் பேச்சுவழக்கில் "உனக்குக் குழாய்" என்றால் "உன் கதை முடிந்தது" என்று அர்த்தம்.

அந்த ஆலையே 1942இல் மரியூபோலிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த இயந்திரங்களில் தொடங்கியதுதான். 2010இல் திறந்த அதன் "உயரம் 239" என்ற பிரிவு பளிச்சென்ற வண்ணங்களில், வெள்ளைச் சீருடைத் தொழிலாளர்களோடு இருக்கும். உருக்குத் தொழில் என்றால் கரி படிந்த இருட்டு என்று நினைப்பவர்கள் அதன் படங்களைப் பார்க்க வேண்டும்.

சரி, விண்கல்லுக்கு வருவோம். 2013ல உண்மையில என்ன நடந்தது?

2013 பிப்ரவரி 15, உள்ளூர் நேரம் காலை 9.20. இந்தியாவில் அப்போது 8.50 (அந்த ஆண்டுகளில் அங்கே கடிகாரம் இப்போதைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது). ஏறக்குறைய 20 மீட்டர் அகலமும் 12,000 டன் அளவு எடையும் கொண்ட ஒரு சிறுகோள் நொடிக்கு 19 கி.மீ. வேகத்தில் சாய்வாக வளிமண்டலத்துக்குள் நுழைந்தது. தரையிலிருந்து சுமார் 30 கி.மீ. உயரத்தில் வெடித்துச் சிதறியது. வெளிப்பட்ட ஆற்றல் 400 முதல் 500 கிலோடன், அதாவது ஹிரோஷிமா குண்டைப்போல் ஏறக்குறைய முப்பது மடங்கு. 1908இல் சைபீரியாவின் துங்குஸ்கா பகுதி வானில் நடந்த வெடிப்புக்குப் பிறகு பூமி சந்தித்த பெரியது இதுதான்.

அவ்வளவு உயரத்தில் வெடித்ததால்தான் ஊர் தப்பித்தது. 7,000க்கும் அதிகமான கட்டடங்கள் சேதமாயின. துத்தநாக ஆலையின் கிடங்கு ஒன்றில் சுவரும் கூரையும் இடிந்தன. ஒருவரும் சாகவில்லை.

யாரும் சாகலைன்னா 1,500 பேருக்கு எப்படி அடிபட்டது?

கண்ணாடிதான் காரணம். வானத்தில் சூரியனைவிடப் பிரகாசமாக ஒரு வெளிச்சம் வந்தது. என்னவென்று பார்க்க மக்கள் ஜன்னலுக்கு ஓடினார்கள். ஒளி உடனே வந்துவிட்டது, அதிர்ச்சி அலை ஊரை அடைய இரண்டு நிமிடத்துக்கும் மேல் ஆனது. எல்லோரும் மூக்கைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு நிற்கும் நேரத்தில் அலை வந்து மோதியது. ஒரு பள்ளி ஆசிரியை மட்டும் வெளிச்சத்தைக் கண்டதும் தன் வகுப்பின் நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை மேசைக்கு அடியில் போகச் சொன்னார். பிள்ளைகளுக்குக் கீறல்கூட இல்லை. அவர் கையில் கண்ணாடி வெட்டியது.

இதிலிருந்து எல்லா ஊர்க்காரர்களும் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. காரணம் தெரியாத பெரிய வெளிச்சத்தைக் கண்டால் ஜன்னலை விட்டு விலகுங்கள், குனிந்து மறைந்துகொள்ளுங்கள். குண்டுவெடிப்புக்கும் வெடிமருந்துக் கிடங்கு விபத்துக்கும் இதே விதிதான்.

இவ்வளவு பெரிய கல்லு வர்றது யாருக்கும் தெரியலையா? மறைச்சுட்டாங்களா?

மறைக்க ஒன்றும் இல்லை. அது சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்தது. தரையிலுள்ள தொலைநோக்கிகளால் பகல் வானத்தில் அதைப் பிடிக்க முடியாது. அன்றைக்கே 2012 டிஏ14 என்ற இன்னொரு சிறுகோள் பூமிக்கு 27,700 கி.மீ. தொலைவில் கடந்துபோனது, அதைப் பற்றி முன்கூட்டியே தெரிந்திருந்தது. இரண்டும் வந்த திசைகள் வேறு, ஒன்றுக்கொன்று தொடர்பு இல்லை.

வீடியோக்கள் அத்தனை எப்படிக் கிடைத்தன என்றும் கேட்கிறார்கள். விபத்து வழக்குகளிலும் காப்பீட்டு மோசடியிலும் சாட்சி வேண்டும் என்பதற்காக ரஷ்ய ஓட்டுநர்கள் காரில் கேமரா வைப்பது வழக்கம். அந்தப் பதிவுகளிலும் கண்காணிப்புக் கேமராக்களிலும் விழுந்த நிழலின் கோணங்களை வைத்தே விஞ்ஞானிகள் கல் வந்த பாதையைக் கணக்கிட்டார்கள்.

அந்தக் கல்லு இப்ப எங்கே? விலைக்குக் கிடைக்குமா?

பெரிய துண்டு ஊருக்கு மேற்கே உள்ள செபர்குல் ஏரியில், பனிக்கட்டியில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு விழுந்தது. 2013 அக்டோபரில் அடிச்சேற்றிலிருந்து எடுத்தார்கள். அரை டன்னுக்கு மேல் எடை. எடுக்கும்போது சில துண்டுகளாக உடைந்தது. இப்போது செல்யாபின்ஸ்கில் உள்ள தெற்கு யூரல் வரலாற்று அருங்காட்சியகத்தில் கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது.

சின்னத் துண்டுகள் விற்பனைக்கு வருவதுண்டு. அதே அளவுக்குப் போலிகளும் உண்டு. இந்தக் கல் 'சாதாரணக் காண்ட்ரைட்' எனப்படும் பாறை வகை விண்கல்: வெளியே மெல்லிய கருப்பு ஓடு, உள்ளே வெளிர்சாம்பல், ஊடே கருமையான நரம்புகள். முழுக்க இரும்பாகவோ பளபளப்பான கண்ணாடியாகவோ யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

அங்கே போனா கதிர்வீச்சு ஆபத்து இல்லையா?

நகரத்துக்குள் இல்லை. இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிறேன். நகரத்திலிருந்து சுமார் 70 கி.மீ. வடக்கே, அஜோர்ஸ்க் என்ற மூடிய ஊரில் மயாக் அணுக்கரு வளாகம் இருக்கிறது. சோவியத்தின் முதல் அணுகுண்டுக்கான புளூட்டோனியம் அங்கேதான் தயாரானது. 1949இலிருந்து அதன் கழிவைச் சுத்தம் செய்யாமலே டெச்சா ஆற்றில் விட்டார்கள். கரையோரக் கிராமத்து மக்கள் அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள், குளித்தார்கள், மாடு மேய்த்தார்கள். ஏன் தங்களை இடம் மாற்றுகிறார்கள் என்றுகூட அவர்களிடம் சொல்லவில்லை. என் கணக்கில் இந்தப் பகுதியின் மிகப் பெரிய அநீதி இதுதான், 1957 விபத்தைவிடவும்.

1957 செப்டம்பர் 29 அன்று குளிரூட்டல் பழுதான ஒரு கழிவுத் தொட்டி வெடித்தது. 2 கோடி கியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அளவுக் கதிரியக்கம் வெளியானது. அதில் பத்தில் ஒன்பது பங்கு அருகிலேயே விழ, மிச்சம் காற்றோடு வடகிழக்கே போனது. செல்யாபின்ஸ்க் தெற்கே இருந்ததால் அந்த மேகம் ஊர்மேல் வரவில்லை. வானத்தில் தெரிந்த வினோதமான ஒளியை, ஒரு வாரம் கழித்து உள்ளூர்ப் பத்திரிகை துருவ ஒளி என்று விளக்கி எழுதியது. 1976இல் சோவியத் உயிரியலாளர் ழோரஸ் மெத்வேதெவ் வெளிநாட்டில் எழுதியபோதுதான் உலகம் அறிந்தது. சோவியத் அரசு ஒப்புக்கொண்டது 1989இல். அஜோர்ஸ்க் எந்த வரைபடத்திலும் இல்லாததால், பக்கத்து ஊரான கிஷ்திம் பெயரில்தான் விபத்தை அழைக்கிறார்கள்.

நகரத்தின் குடிநீர் மியாஸ் ஆற்றின் ஷெர்ஷ்னி நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது. டெச்சா நீர் அதில் கலப்பதில்லை.

அப்போ செல்யாபின்ஸ்க்-40, 65, 70 எல்லாம் இந்த ஊரோட பகுதிகளா?

இல்லை. அவை ரகசிய ஊர்களின் அஞ்சல் பெயர்கள். மேலே சொன்ன அஜோர்ஸ்க்தான் முதலில் 40, பிறகு 65. அணு ஆயுத வடிவமைப்பு மையமான ஸ்னெஷின்ஸ்க்தான் 70. விபத்துச் செய்திகளில் "செல்யாபின்ஸ்க்-40" என்று படித்துவிட்டு நகரத்திலேயே வெடித்ததாக நினைப்பவர்கள் நிறைய. நகரமும் 1992 வரை வெளிநாட்டவருக்கு மூடியே இருந்தது, அது குழப்பத்தைக் கூட்டியது.

உண்மையான சுற்றுச்சூழல் பிரச்சினைதான் என்ன?

காற்று. உருக்காலை, ஃபெரோ அலாய் ஆலை, துத்தநாக ஆலை எல்லாம் வீடுகளை ஒட்டியே இருக்கின்றன. குளிர்காலத்தில் காற்று அசையாத நாட்களில் புகை மேலே போகாமல் தெருவிலேயே படுத்துக் கிடக்கும். அப்படிப்பட்ட நாட்களில் ஆலைகள் உற்பத்தியைக் குறைக்க வேண்டும் என்று அதிகாரிகள் எச்சரிக்கை விடுவார்கள். மக்கள் தெருவில் இறங்கிப் போராடியும் இருக்கிறார்கள். நாட்டின் மிக மாசடைந்த 12 நகரங்களுக்காகத் தொடங்கிய "தூய காற்று" திட்டத்தில் இந்த ஊரும் ஒன்று. நகரத்துக்குள்ளேயே மலையாக வளர்ந்திருந்த குப்பைக்கிடங்கை 2018இல் மூடி, பிறகு மண் போட்டு மூடினார்கள். அது மக்கள் விடாமல் கேட்டதால் கிடைத்தது.

இவ்வளவு பெரிய ஊர்ல மெட்ரோ இல்லையா?

1992இல் தோண்டத் தொடங்கினார்கள். பணம் வரும், நிற்கும். கடைசியில், தோண்டிய சுரங்கங்களை ட்ராம் பாதையோடு இணைத்துப் பயன்படுத்துவது என்று முடிவெடுத்தார்கள்.

செஸ்ல "செல்யாபின்ஸ்க் வேரியேஷன்" இருக்கே, அது இந்த ஊரா?

இந்த ஊரேதான். சிசிலியன் தற்காப்பில் ஸ்வெஷ்னிகவ் வேரியேஷன் என்று நம் பிள்ளைகள் படிப்பதன் இன்னொரு பெயர் அது. செல்யாபின்ஸ்கில் பிறந்த யெவ்கேனி ஸ்வெஷ்னிகவும், கென்னதி திமஷென்கவும் 1960, 70களில் அதை அலசி எடுத்தார்கள். ஐந்தாவது நகர்த்தலிலேயே கருப்பு தன் ராஜாவின் முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளும். டி5, டி6 கட்டங்கள் பலவீனமாகும். அந்தக் காலத்துப் பெரியவர்கள் இது தவறான ஆட்டம் என்றே ஒதுக்கினார்கள். ஆனால் பதிலுக்குக் கருப்புக்குக் கிடைக்கும் சுறுசுறுப்பு அந்தப் பலவீனத்துக்கு ஈடு என்று ஸ்வெஷ்னிகவ் ஆடிக் காட்டினார். 2018 உலகப் பட்டப் போட்டியில் கருவானாவுக்கு எதிராகக் கார்ல்சன் இதை நம்பி ஆடினார். முன்னாள் உலகச் சாம்பியன் கார்ப்பவ் பிறந்ததும் இதே மாகாணத்தின் ஸ்லாதவுஸ்தில்தான்.

ஐஸ் ஹாக்கி அணிக்கு "டிராக்டர்"னு பேர் வெச்சிருக்காங்களே?

ஆலைத் தொழிலாளர்களின் அணியாக 1947இல் தொடங்கியது, வேறு பெயர்களுக்குப் பிறகு 1958இல் டிராக்டர் ஆனது. ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் மரியாதைக்குரியது. சோவியத் ஹாக்கியின் உச்சநட்சத்திரம் செர்கேய் மகாரவ் இங்கே பிறந்து, இங்கே ஆடிவிட்டு மாஸ்கோ போனவர். 31 வயதில் வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீகில் இறங்கி, சிறந்த புதுமுக வீரர் பரிசை வாங்கினார். அதற்குப் பிறகு புதுமுகத்துக்கு வயது வரம்பு வைத்தார்கள்.

சுற்றிப் பார்க்க என்ன இருக்கு? எப்போ போகலாம்?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்லது. ஊருக்குள் கீரவ்கா என்ற நடைபாதைத் தெரு, விண்கல் இருக்கும் அருங்காட்சியகம், ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள "யூரல் கதை" சிலை, அணுவைப் பிளந்ததுபோல் அமைந்த குர்ச்சாதவ் நினைவுச்சின்னம் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். சோவியத் அணுத்திட்டத்தை நடத்திய இகோர் குர்ச்சாதவ் இந்த மாகாணத்தின் சீம் என்ற ஊரில் பிறந்தவர். விமான நிலையத்துக்கும் அவர் பெயர்தான்.

ஆனால் இன்னும் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு மேற்கே போங்கள் என்பேன். தெளிந்த நீருள்ள துர்கயாக் ஏரி, தகனாய் தேசியப் பூங்கா, அதன் அடிவாரத்தில் ஸ்லாதவுஸ்த். 1830களில் பாவெல் அனோசவ் என்ற உலோகவியலாளர் அந்த ஊரில்தான், கிழக்கத்திய வாள்களின் அலைக்கோடு போட்ட புலாத் உருக்கைப் பல ஆண்டு முயன்று மறுபடி செய்து காட்டினார். 1841இல் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். அந்த வாள்களில் பேர்போனவற்றுக்கு மூல உருக்கு தென்னிந்தியாவின் மூசை உலைகளிலிருந்து போனது. ஸ்லாதவுஸ்தின் ஆயுத அருங்காட்சியகத்தில் உள்ளூர்க் கத்திகளும், போரின்போது யூரல் தொண்டர் டாங்கிப் படை வீரர்களுக்கு ஆளுக்கொன்றாகச் செய்து கொடுத்த கருப்புப் பிடிக் கத்தியும் இருக்கின்றன. செல்யாபின்ஸ்கிலிருந்து ரயிலிலேயே போய்விடலாம்.